வெளியூர் என்று நீ குறித்த பெண்கள்

கண்ணு,

அன்று கமிட்டிக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: நம் பிரசவ வார்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள் என்று நீ காட்டினாயே, அவர்கள் எல்லோரும் இந்த ஊர்ப் பெண்கள். கல்யாணமாகி வெளியே போய், பிள்ளை பெற அம்மா வீட்டுக்கு வந்தவர்கள். பதிவேட்டில் புருஷன் வீட்டு விலாசம் இருந்தது. நீ விலாசத்தை எண்ணினாய். நீ திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோதே, பாதியில் எனக்கு இது உறைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் குனிந்து மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "அன்னைக்கே ஏம்மா சொல்லல?" என்று கேட்டாய். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாய். அதற்குள் அப்பா போனை வாங்கி, கோயம்புத்தூர் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்களா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் பேசி முடித்தபோது உனக்கு டியூட்டி நேரம் வந்துவிட்டது. எனக்கு எப்போதுமே பேச்சைவிட எழுத்துதான் கைகொடுக்கிறது. அதனால் இது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். முதலிலிருந்து எழுதினால்தான் நான் செய்தது எனக்கே ஒழுங்காகத் தெரிகிறது. கேன்டீனில் வைத்துப் படி. சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குள் தீராது.

நம் ஆஸ்பத்திரி மகமைப் பணத்தில் எழும்பியது. விற்கிற ஒவ்வொரு பட்டுப்புடவைக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுக் காரியத்துக்கென்று நெய்தவரும் கடைக்காரரும் எடுத்துவைப்பார்கள். கோயிலுக்கு ஒரு பங்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு பங்கு. நெசவாளர் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்ப்போம் என்பதுதான் அந்தப் பணத்தை வாங்கியபோது கமிட்டி கொடுத்த வாக்கு. இப்போதும் புடவை நன்றாகத்தான் விற்கிறது. ஆனால் பாதிப் புடவைகள் போனில் படம் பார்த்தே விற்றுப்போகின்றன. நடுவில் நின்று மகமையைப் பிடிக்க ஆளில்லை. இந்த வருஷம் நர்ஸுகளுக்குச் சம்பளம் தள்ளித் தள்ளிப் போனது. சம்பளக் கவரைக் கொடுக்கிற கை என்னுடையது என்பதால் அந்த முகங்களையும் நான்தான் பார்த்தேன். கடைசியில் ஆடிட்டர் வந்து, நஷ்டத்தில் ஓடுகிற இரண்டு பிரிவுகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்று பிரசவ வார்டு. மற்றது, தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகும் தோளும் மூட்டும் போனவர்கள் வருகிற பிசியோ அறை. உன் அப்பாவின் வலது தோள் அந்த அறையை நம்பித்தான் இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாரம் இரண்டு முறை அங்கே போய்வந்தால்தான் அவரால் மறுநாள் கையைத் தூக்கித் தறியில் வைக்க முடியும்.

தலைவர் ஏகாம்பரம் அய்யா உன்னைக் கூப்பிட்டது அப்போதுதான். பட்டுக்கடை வைத்திருக்கிற மனுஷர், எந்தச் செலவையும் உள்ளூரிலேயே முடிக்கப் பார்ப்பார். "நம்ம புள்ள ஆஸ்பத்திரி நிர்வாகம் படிச்சிருக்குது. கோயம்புத்தூர் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எத மூடறது எத வெக்கறதுன்னு ஒரு ரிப்போர்ட் போட்டுக் குடுக்கட்டும்பா. மத்தியானச் சோறு என் பொறுப்பு" என்றார். சொன்னபடி தினமும் எலுமிச்சை சாதம் அனுப்பினார். உன் முதல் சம்பளம் என்று அப்பா அதைத்தான் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. சாயங்காலம் நீ வந்து அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு யோசித்ததை எங்களுக்கு விளக்குவாய். நல்லது கெட்டதைத் தீர்மானிக்க மூன்று வழிகள் என்றாய். விளைவைப் பார்ப்பது ஒன்று: எதைச் செய்தால் அதிகம் பேருக்கு அதிக நன்மையோ அது சரி. கடமையைப் பார்ப்பது இன்னொன்று: லாபமோ நஷ்டமோ, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். மூன்றாவது நியாயத்தைப் பார்ப்பது: எந்த வீட்டில், யாராகப் பிறப்போம் என்று தெரியாதபடி கண்ணைக் கட்டிக்கொண்டு விதியைச் செய்ய வேண்டும். அப்பா தறியில் குறுக்கு இழை ஓட்டுகிற நாடாவை நிறுத்திவிட்டு, "யாரா பொறப்பேன்னு தெரியாதுன்னா, ஏகாம்பரம் கடைல கல்லாவுக்குப் பின்னாடி பொறக்கற மாதிரி நான் விதி பண்ணிக்குவேன்" என்றார். அப்படிப் பண்ண முடியாது என்பதுதான் அதன் சாரமே என்று நீ சொன்னாய். "அப்ப அது இன்னா தியரி? நமக்கு ஒண்ணும் கெடைக்காதா?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி நெய்யப் போய்விட்டார்.

உன்னிடம் சொல்லாத இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வழிகளும் எனக்குப் புதிதில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் நீ வீட்டில் போட்டுவிட்டுப் போன புத்தகங்களை நான் ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். உன்னைவிடப் பத்தொன்பது வயதுதான் பெரியவள். உன்னைப் பெற்றுவிட்டு அஞ்சல் வழியில் பி.காம். படித்தவள், படிப்பு ஆசை எங்கே போகும்? உன் ஹாஸ்டல் வார்டன் என்னை உன் அக்கா என்று நினைத்துக் கையெழுத்து வாங்க மறுத்தாரே, அன்றைக்குக்கூட என் பையில் உன் முதல் வருஷப் புத்தகம் ஒன்று இருந்தது. ஆனால் நீ விளக்கும்போது உன் முகம் மலர்ந்துபோயிருந்தது. நடுவில் புகுந்து, அந்த அத்தியாயம் எனக்கும் பிடிக்கும் என்று சொல்ல மனம் வரவில்லை. கேட்டுக்கொண்டே பீன்ஸ் நறுக்கினேன். நீ சொன்ன விதம் புத்தகத்தைவிடத் தெளிவாக இருந்தது என்பதை மட்டும் இப்போது எழுதிவைக்கிறேன்.

நீ உழைத்ததில் குறை சொல்ல முடியாது. பதிவேடுகளைப் புரட்டினாய். ஸ்கூட்டரில் திருப்பருத்திக்குன்றம் வரை போய், நெசவாளர் வீடுகளில் ஏறி இறங்கி, உங்கள் வீட்டுப் பிரசவத்துக்கு நம் ஆஸ்பத்திரிக்கு வருவீர்களா என்று கேட்டாய். கேட்ட இடமெல்லாம் ஒரே பதில். எங்க மருமக அவங்க அம்மா வூட்டுக்குப் போயிடும்பா என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. தலைப்பிரசவத்துக்கு மருமகளைப் புகுந்த வீட்டில் வைத்துக்கொள்கிற வழக்கம் இங்கே ஏது? வளைகாப்பு முடிந்த கையோடு அவளை அழைத்துப் போய்விடுவார்கள். "உங்கள் வீட்டுப் பிரசவம்" என்று நீ கேட்டதும் எல்லோருக்கும் மருமகள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். கட்டிக்கொடுத்த மகளை எந்த வீட்டிலும் தங்கள் வீட்டுக் கணக்கில் வைத்துச் சொல்லவில்லை. அவள் வேறு வீட்டுக்காரி ஆகிவிட்டாள். ஆனால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெட்டியோடு வந்து இறங்கப்போவது அவள்தான். வார்டுக்கு வந்தவர்கள் வெளியூர், ஊர்க்காரர்களுக்கு வார்டு தேவையில்லை என்று உன் இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் அது உறுதியான கட்டிடமாகத்தான் தெரிந்திருக்கும்.

கூட்டத்தன்று பிரசவ வார்டைப் பார்த்துக்கொள்கிற டாக்டர் நசீமா வரவில்லை. வார்டை மூடுவதா என்று நாம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கீழே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். நீ வெள்ளைச் சட்டை போட்டு, சீவிய தலை கலையாமல், படபடப்பை மறைத்துக்கொண்டு பேசினாய். விளைவைப் பார்த்தால் பிசியோ அறையால்தான் அதிகம் நெசவாளர்களுக்கு நன்மை. வாக்கைப் பார்த்தால், நாம் கடமைப்பட்டது மகமை கொடுத்த இந்த ஊர்க் குடும்பங்களுக்கு. வெளியூர்க்காரர்களுக்கு வேறு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன என்றாய். கமிட்டிப் பெரியவர்கள் வரிசையாகத் தலையாட்டினார்கள். அப்போது ஏகாம்பரம் அய்யாவின் போன் அடித்தது. பெங்களூரில் இருக்கிற அவருடைய மகள். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது என்பதால் அறை முழுக்கக் கேட்டது: "வாம்மா, வாம்மா. ஏழாம் மாசம் ஆனதும் கெளம்பி வந்துடு. டாக்டரம்மா கிட்ட நான் சொல்லி வெக்கறேன்." போனை வைத்துவிட்டு, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, "சரிபா, பிரசவ வார்டை மூடறதுல யாருக்காவது ஆட்சேபனை இருக்குதா?" என்று கேட்டார்.

யாருக்கும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே பேனாவை நிறுத்தி அவர்கள் முகங்களைப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் கட்டிக்கொடுத்த மகள் உண்டு. ஏகாம்பரம் அய்யா உட்பட ஒருவருக்கும் தன் மகளும் நீ காட்டிய வெளியூர்க்காரியும் ஒரே ஆள் என்று தோன்றவில்லை. எனக்கு உன் பிறப்பு ஞாபகம் வந்தது. அப்போது உன் அப்பா ஆரணியில் நெய்துகொண்டிருந்தார், பிறகுதான் இங்கே குடிவந்தோம். நான் பிரசவத்துக்கு இங்கே அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். விடிகிற நேரத்தில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினால், தெரு நெடுக யாரோ தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். அவிழ்க்க நேரமில்லை. பாவு வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஓடிவந்து, இரண்டு பக்கமும் நின்று அந்த நூலைக் கைகளால் தூக்கிப் பிடித்தார்கள். அதற்கு அடியில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து போனேன். பச்சைப் பாவு, மேலே பார்த்தால் விதானம் கட்டியது போல இருந்தது. "பாத்து, நூலு அறுந்துடப் போவுது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். மற்றவர்கள் அவரைத் திட்டிய திட்டு நான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிற வரைக்கும் கேட்டது. அன்றைக்குப் பதிவேட்டில் என் விலாசம் ஆரணி என்றுதான் எழுதப்பட்டிருக்கும். உன் கணக்குப்படி நீயே இந்த ஊரில் பிறக்கவில்லை, கண்ணு.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் பேசவில்லை என்பதுதானே உன் கேள்வி. உன் முகம் ஒரு காரணம். முதல் முறையாக நாலு பெரிய மனுஷர்கள் முன்னால் நிற்கிறாய். உன் அம்மாவே எழுந்து தப்பு என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தேன். நான் அங்கே உறுப்பினர் இல்லை, சம்பளம் வாங்குகிற கணக்கர், சொல்வதை எழுதுவதுதான் என் வேலை என்றும் சொல்லிக்கொண்டேன். இவற்றுக்கெல்லாம் அடியில், சொல்லக் கூச்சப்படுகிற இடத்தில், அப்பாவின் தோள் இருந்தது. பிரசவ வார்டு போனால் பிசியோ அறை நிற்கும். நான் சும்மா இருந்தாலே போதும். நீ கற்றுக்கொடுத்த வழிகளைக்கூட அந்த நிமிஷத்தில் எனக்குச் சாதகமாகத்தான் பயன்படுத்திக்கொண்டேன். விளைவைப் பார்த்தால் ஒரு நெசவாளரின் கை பிழைக்கிறது. கடமையைப் பார்த்தால் என் கடமை மினிட்ஸ் எழுதுவது. நல்ல வக்கீல்கள் மாதிரி, யார் கூலி கொடுத்தாலும் அவர்களுக்காக வாதாடக்கூடியவை அவை. மூன்றாவது வழி மட்டும் எனக்காக வாதாட மறுத்தது. யாராகப் பிறப்போம் என்று தெரியாமல் விதியைச் செய் என்றால், இன்னும் பிறக்காதவர்கள்தானே முதலில் ஞாபகத்துக்கு வர வேண்டும்? அவர்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போய் யாரும் கேள்வி கேட்க முடியாது. நாள் முழுக்க அது என்னைக் குடைந்தது. ஆனால் அன்று சாயங்காலம் நீ மிக்ஸரும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்தாய். அப்பா தோளைச் சுழற்றிக் காட்டி, "என் புள்ள ரிப்போர்ட்டுக்கே பாதி வலி போயிடுச்சி" என்றார். நான் அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாயை மூடிவைக்க அல்வாவுக்கு நிகரில்லை.

தீர்மானத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் உறுதி செய்வார்கள் என்பதால் எனக்கு அவகாசம் இருந்தது. நீ கோயம்புத்தூருக்குப் போன அன்றே அப்பாவிடம் சொன்னேன். முதலில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏகாம்பரம் அய்யா போனில் பேசியதை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு நான் இதைக் கமிட்டியில் சொல்லப்போகிறேன் என்றதும் சிரிப்பு நின்றது.

"வாயை மூடிக்கினு சும்மா இரு. புள்ள பேரு கெட்டுடும்" என்றார்.

"பேரு கெடாத மாதிரி சொல்றேன்."

"என் தோளு?"

நான் அடுப்பை அணைக்கப் போனேன். அவரும் பின்னாலேயே வந்து, "அந்த அறைய மூடினா நான் யார் கிட்ட போவேன்? நீ அமுக்கி வுடுவியா?" என்று கேட்டார். அமுக்கிவிடுகிறேன் என்றேன். "நீ அமுக்கினா இருக்கற தோளும் போயிடும்" என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. ஒரு தடவை நான் எண்ணெய் தேய்த்துவிட்டதில் அவருக்கு வலி கூடிப்போனது உண்மை. அதற்குப் பிறகு சில நாள் அவர் என்னோடு நேராகப் பேசவில்லை. காப்பி வேண்டுமென்றால் டிவியைப் பார்த்து, "இந்த வூட்டுல காப்பி கெடைக்குமா தெரியல" என்பார். நானும் டிவியைப் பார்த்து, கிடைக்கும் என்பேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கு வலிக்கிற தோள் ஒன்றுதான் இருக்கிறது. யாருடைய வலியைக் கொடுத்து யாருடைய வலியை வாங்குகிறோம் என்று உன் புத்தகங்களில் எழுதியிருந்ததெல்லாம் நம் வீட்டில் டிவியைப் பார்த்துக் காப்பி கேட்டுக்கொண்டிருந்தது.

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை போனை எடுத்தேன். புது இடம், புது வேலை, முதல் வாரத்திலேயே இது எதற்கு என்று வைத்துவிட்டேன். நீ அதை வேறொருவர் வாய்மொழியாகக் கேட்டாய். இந்தக் கடிதத்தில் நான் மன்னிப்புக் கேட்பது அதற்கு மட்டும்தான்.

அடுத்த கூட்டத்தில் போன மினிட்ஸைப் படித்து முடித்ததும், ஒரு விஷயம் சொல்ல அனுமதி கேட்டேன். ஏகாம்பரம் அய்யா ஆச்சரியமாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மினிட்ஸ் படிப்பதைத் தவிர நான் அந்த அறையில் வாயைத் திறந்தது, ஃபேனை நிறுத்தட்டுமா என்று கேட்கத்தான். முதலில், பிசியோ அறைக்கு என் வீட்டுக்காரர் போகிறார், அதனால் நான் சொல்வதை அதையும் மனதில் வைத்துக் கேளுங்கள் என்றேன். பிறகு ரிப்போர்ட்டில் ஒரு இடத்தை நாம் யாரும் கவனிக்கவில்லை என்றேன்.

"நாமன்னா யாருமா? எங்கள எல்லாம் எதுக்குமா சேத்துக்கற?" என்றார் அவர்.

"நானும் இங்கதானே இருந்தேன், அய்யா. உங்க பொண்ணு பிரசவத்துக்கு எங்க வரும்?"

"எங்க வரும்? எங்கூட்டுக்குத்தான்."

"எந்த ஆஸ்பத்திரில சேப்பீங்க?"

"நம்ம..." என்று ஆரம்பித்தவர் டாக்டர் பக்கம் திரும்பினார். டாக்டர் நசீமா அன்றைக்கு வந்திருந்தார். அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "இத்தினி நாளா நான் யாருக்குப் பிரசவம் பாத்துக்கினு இருக்கேன்னு நெனச்சீங்க?" என்று கேட்டார். யாரோ சிரிக்க ஆரம்பிக்க, பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மகள்கள் வந்து பெற்றுப் போன கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். இரட்டைப் பிள்ளை பிறந்த கதை, மாப்பிள்ளை மயங்கி விழுந்த கதை எல்லாம் வந்தது. அவ்வளவு கதையும் அந்த அறைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஆனால் சிரிப்பால் தீர்மானம் மாறிவிடவில்லை. செயலாளர் வரதன் விடவில்லை. அவர் கெட்டவரில்லை, வாக்கு என்றால் வாக்கு என்று இருப்பவர். "கட்டிக் குடுத்த பொண்ணு அந்த வூட்டுது. மகமை குடுத்தது இந்த ஊரு குடும்பம். அது போன எடத்துல எவன் நமக்கு மகமை குடுக்கறான்?" என்று கேட்டார். நீ அன்றைக்குச் சொன்ன அதே கடமை வாதம்தான், நீ சொன்னதைவிடக் கறாராக. அறை மறுபடி அவர் பக்கம் சாய்வது தெரிந்தது. நான் தயார் செய்துகொண்டு போனதில் இதற்குப் பதில் இல்லை. ஆனால் பதில் என் கையிலேயே இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறவர் ஒருவரால் ஆகாது. கரைக்கு நாடா தள்ள பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். நம் வீடுகளில் அது யார்? கல்யாணம் ஆகிற வரைக்கும் அந்த வீட்டுப் பெண். "நானும் எங்கப்பா தறில பக்கத்துல உக்காந்து கரை தள்ளியிருக்கேன்" என்றேன். "அந்தப் புடவைங்களுக்கெல்லாம் மகமை பிடிச்சாங்க. அதுல என் பங்கு எதுவும் இல்லையா?"

நான் சொன்னது அவ்வளவுதான். வரதனுக்கு இரண்டு பெண்கள். இரண்டு பேரும் அவர் தறியில் உட்கார்ந்தவர்கள். "ஓட்டுக்கு வுடுங்க" என்றார் அவர். கையைத் தூக்கச் சொன்னபோது அவர் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. அது அவருடைய நேர்மை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இதை வைத்து உன் மூன்று வழிகளும் உதவாது என்று நினைத்துவிடாதே. அவை இல்லாவிட்டால் என்னிடம் ஏதோ தப்பு என்கிற உறுத்தல் மட்டும்தான் இருந்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு கமிட்டிக்கு முன்னால் போய் நிற்க முடியாது. எண்ணிக்கை தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் வரதன் ஜெயித்திருப்பார். யாருக்குக் கொடுத்த வாக்கு என்று கேட்க வைத்தது நீ தறிப்பக்கம் உட்கார்ந்து பேசிய பேச்சுதான். நீ போயிருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் இதைவிடப் பெரிய தொகைகளை, இதைவிடக் கறாரான ஆட்கள் முன்னால் வைப்பாய். வைக்கும் முன், நீ கேள்வி கேட்கப் போன நேரத்தில் வீட்டில் இல்லாதவர்கள் யார் என்று ஒரு தடவை யோசித்துப் பார். யாரும் ஆட்சேபிக்காத கூட்டத்தில் கொஞ்சம் சந்தேகப்படு. எல்லோரும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்திருப்பார்கள். நீ பேசும்போது உனக்கு நெருக்கமான யாராவது குனிந்து எழுதிக்கொண்டே இருந்தால், முடிந்ததும் அவர்களிடம் போய் என்ன யோசித்தாய் என்று கேள். நீ கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நம்பத்தான் ஆசைப்படுகிறேன். தப்பான கணக்குப் போட்டதற்காக வெட்கப்படவும் வேண்டாம். அந்தக் கணக்கு இல்லையென்றால் இந்த ஊரில் யாரும் தங்கள் மகள்களை எண்ணியே பார்த்திருக்க மாட்டார்கள். ஏகாம்பரம் அய்யா உன்மேல் துளியும் வருத்தப்படவில்லை. புள்ள வந்தா இன்னொரு ரிப்போர்ட் போடச் சொல்லணும், மகமைய போனுலயே எப்பிடி பிடிக்கறதுன்னு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சோறு அவர் பொறுப்புதானாம்.

கூட்டத்துக்குப் பிறகு நடந்தது இது. பிரசவ வார்டை வைத்துக்கொள்வதென்று தீர்மானம் ஆனது. வெளியூரோ உள்ளூரோ, வசதி இருக்கிறவர்களுக்குக் கட்டணத்தைக் கூட்டியிருக்கிறார்கள். மாதக் கடைசியில் பிசியோ அறையை மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த கீதாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் வேலை கிடைத்தது. கட்டிலையும் எந்திரத்தையும் விற்ற பணத்தில் நர்ஸுகளின் சம்பளப் பாக்கியைக் கொடுத்தேன். அப்பா செவ்வாய்க்கிழமைகளில் பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே கூட்டம் அதிகம். அன்றைக்கு அவர் தறியில் உட்கார முடிவதில்லை. மற்ற நாட்களில் முன்பைவிடக் குறைவாக நெய்கிறார்.

அம்மா